பலகையும் சபையும்



ஆங்கில ஆசிரியர் ஒருவர் விடுமுறையிற் சென்றிருந்தபோது, அவருடைய வகுப்பைச் சில நாட்கள் நடத்தும் பொறுப்பு ஒருமுறை என்னைச் சார்ந்தது. பாடமாக அமைந்திருந்தது சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘ஒலிவர் ருவிஸ்ற்’ என்னும் நாவலின் தொடக்கப் பகுதி. தாயுந் தந்தையுமற்ற ஒலிவர், தன் ஒன்பதாவது பிறந்த நாளன்று, ஏழைகளை வைத்துப் பேணும் விடுதிக்கு அழைத்து வரப்படுகின்றான். அங்கே ‘போர்ட்’ முன்னிலையில் அவன் தோன்றவேண்டுமென்று கட்டளை பிறக்கின்றது. உயிருள்ள போர்ட் எத்தகையதென்று அச்சிறுவனுக்கு விளங்கவில்லை. ஓர் அறையினுள்ளே கொண்டுபோய் நிறுத்துகின்றார்கள். எட்டோ பத்தோ பருத்த கனவான்கள் அங்கே ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருக்கின்றனர். போர்ட்டுக்கு வணக்கஞ் செய்யுமாறு ஊழியர் பணிக்கின்றார். சிறுவன் பார்க்கின்றான். மேசையைத் தவிர வேறு போர்ட் எதுவும் கண்ணிற் படவில்லை. ஆகவே மேசையை வணங்குகின்றான்.

படிப்போர் சிரிக்கவேண்டிய இடம் இது. என் வகுப்பில் ஒருவருஞ் சிரித்திலர். மாணவர் கையிலிருந்த குறிப்பிலே போர்ட் என்னுஞ் சொல்லுக்கு ‘சபை’ என்று பொருள் எழுதப்பட்டிருந்தது. சபையை வணங்கச் சொன்னார்கள், பையன் வணங்கினான். இதில் என்ன வேடிக்கை? “போர்ட் என்றாற் பலகை என்றும் பொருளுண்டு” என்றேன். முன்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “பலகையை ஏன் சேர் கும்பிட வேணும்?” என்று கேட்டான். சபை என்று பெயர்த்தால் நகை போய்விடுகின்றது. பலகை என்று பெயர்த்தால் அதிகாரம் போய்விடுகின்றது. இவ்விரண்டும் ஒரு சொல்லினுள்ளே எவ்வாறு வந்து கூடின என்பதை அந்த நாற்பது நிமிடத்தில் அவனுக்குச் சொல்லி முடிக்க என்னால் இயலவில்லை. இன்று அதனையே சொல்ல எடுத்துக்கொள்கின்றேன்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டாதல் தமிழருக்குப் புதிய செய்தியன்று. மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டிலே பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதியாகவே அமைந்துள்ளது. நம் முன்னோர் அதனைத் திண்ணையிலிருந்து மனனஞ் செய்தனர். எனினும், நிகண்டாயினும் அகராதியாயினும் பொருள்களை வரிசையாக வைத்துச் செல்லுமேயன்றி, எப்பொருளிலிருந்து எப்பொருள் பிறந்தது, ஏன் பிறந்தது என்பவற்றைப் பெரும்பாலுஞ் சொல்வதில்லை. ஆங்கில அகராதியைத் திறந்து போர்ட் என்னும் பெயர்ச்சொல்லைப் பார்த்தால், பலகை, மேசை, உணவு, கப்பலின் பக்கம், நாடக மேடை, நிர்வாக சபை என்று அது விரிந்து செல்லும். ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தோன்றும் இவற்றுட் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் கதை இங்கிலாந்தின் சமூக வரலாற்றில் ஒரு கிளை.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மரப்பலகையைக் குறித்தது. மரப்பலகையாற் செய்யப்பட்ட கேடயமும் அதே பெயர் பெற்றது. கி.பி. 937இல் புருனன்பேர் என்னுமிடத்தில் நிகழ்ந்த பெரும்போரைப் பாடும் பழைய ஆங்கிலப் பாடல், வீரர் தோளோடு தோள் நெருங்கிக் கேடயங்களை மதில்போல நிறுத்திய அணியைப் ‘பலகைச் சுவர்’ என்று பொருள்படுஞ் சொல்லாற் குறிக்கின்றது. நம் மொழியிலும் பலகை என்பதற்குக் கேடயம் என்னும் பொருள் உண்டென அகராதிகள் கூறுகின்றன. தொடர்பேதுமில்லாத இரு மொழிகள் ஒரே வழியிற் சென்றமைக்குக் காரணம் எளிது. இரு நாட்டுத் தச்சரும் ஒரே மரத்தையே வெட்டினர்.

கப்பலின் பக்கத்தைக் குறிக்கும் போர்ட்டும் மிகப் பழையது. அது பிறப்பில் விளிம்பு என்னும் பொருளுடைய வேறொரு சொல்லாயிருந்து, மிக முன்னரே பலகையோடு கலந்துவிட்டது என மொழிநூலார் கருதுவர். அக்காலத்துக் கப்பல்களிற் சுக்கான் பின்புறத்தின் நடுவில் இருப்பதில்லை. வலப்பக்கத்திலே ஒரு பெரிய துடுப்பாக அது கட்டப்பட்டிருக்கும். ஆகவே வலப்பக்கம் ‘செலுத்தும் பக்கம்’ எனப் பெயர் பெற்றது. இன்றும் மாலுமிகள் வழங்கும் ‘ஸ்ரார்போர்ட்’ என்னுஞ் சொல் அதுவே. விண்மீனுக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. இடப்பக்கத்துக்குப் பின்னாளில் ‘லார்போர்ட்’ என்னும் பெயர் வழங்கியது. காற்றின் இரைச்சலில் ஒன்றை மற்றொன்றாகக் கேட்டாற் கப்பல் பாறையில் மோதும் அன்றோ? 1844இல் பிரித்தானியக் கடற்படைத் தலைமை, இடப்பக்கத்தைப் ‘போட்’ என்றே வழங்கவேண்டுமெனக் கட்டளையிட்டு இக்குழப்பத்தைத் தீர்த்தது. கப்பற் கதை இவ்வளவில் நிற்க.

நமக்கு வேண்டிய கதை கரையிலே, ஒரு பிரபுவின் மண்டபத்திலே நடைபெறுகின்றது. இடைக்கால இங்கிலாந்தில் இன்று நாம் காண்பது போன்ற மேசை அரிது. மண்டபம் ஒன்றே, பகலில் வழக்குத் தீர்ப்பதும், உண்பதும், இரவிற் பணியாளர் படுத்துறங்குவதும் அங்கேயே. உணவு வேளை வந்ததும் மரக்கால்களை நிறுத்தி, அவற்றின்மீது நீண்ட பலகைகளைப் பரப்பி, மேலே துணி விரிப்பர். உண்டு முடிந்ததும் பலகைகளை எடுத்துச் சுவரிற் சார்த்திவிடுவர். எனவே உண்ணும் மேசைக்குப் பலகை என்பதே பெயராயிற்று. நிலையாக ஓரிடத்தில் நிற்கும் மேசை செல்வச் செருக்கின் அடையாளம். 14ஆம் நூற்றாண்டின் புலவர் சோசர், ‘கன்ரர்பரிக் கதைகள்’ என்னும் நூலின் முன்னுரையில் விருந்தோம்பலிற் சிறந்த நிலக்கிழார் ஒருவரைப் பாடும்போது, அவர் மண்டபத்தில் நிலைமேசை நாள்முழுவதும் ஆயத்தமாக நின்றதென்பதை வியந்து சொல்கின்றார்.

அப்பலகையின் தலைமாட்டில் யார் இருப்பார்? பிரபு. ஆங்கிலத்தில் ‘லோர்ட்’ என்று வழங்குஞ் சொல்லின் பழைய வடிவத்துக்குப் பொருள் ‘பாணைக் காப்பவன்’ என்பது. பாண் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவனே தலைவன். இச்சொற்பொருளை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

பலகை மேசையான பின், மேசை உணவாகியது. உணவும் படுக்கையும் சேர்த்துக் கொடுப்பதை ஆங்கிலேயர் படுக்கையும் பலகையும் என்றே சொன்னார்கள். பணங் கொடுத்துப் பிறர் பலகையில் உண்பவன் ‘போர்டர்’ ஆனான். உணவுக்குப் பதிலாகப் பணியாளருக்குக் கொடுத்த காசு பலகைக் கூலி எனப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் உண்டு உறைந்து கல்வி பயிலும் பள்ளிக்கு இச்சொல்லால் ஆன பெயர் எழுந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் கல்லூரிகள் வழியாக அதுவே நம் நாட்டிற்கு வந்து ‘போடிங்’ ஆயிற்று. “பொடியன் போடிங்கிலை நிண்டு படிக்கிறான்” என்று சொல்லும் தாய், தன் மகன் ஆங்கிலேயப் பிரபுவின் சாப்பாட்டுப் பலகையில் இருக்கின்றான் என்று சொல்வதை அறிவாரல்லர். அவ்வாறே, இன்று கதவு பூட்டிய அலுமாரியைக் குறிக்கும் ‘கபேட்’ என்னுஞ் சொல், கிண்ணங்களைக் காட்சிக்கு அடுக்கிவைத்த திறந்த பலகைக்கு முதலில் இட்ட பெயராகும். சூதாடுவோர் இரு கைகளையும் பலகைக்கு மேலே வைத்து ஆடினால் வஞ்சனை இல்லை என்பது பொருள். ஒளிவுமறைவற்ற செயலைக் குறிக்கும் ஆங்கில வழக்கு அங்கிருந்து வந்தது.

உணவு எடுத்த பின்னும் சில பலகைகள் எடுக்கப்படுவதில்லை. துணியை மாற்றிவிட்டுத் தலைவனும் அவன் ஆலோசகரும் அங்கேயே காரியம் பேசுவர். அரசர் அரண்மனையில் உணவுப் பொருட் கணக்குகளைப் பார்த்த அலுவலர் கூடிய மேசையிலே பச்சைத் துணி விரிக்கப்பட்டிருந்தமையால், அவர்கள் குழுவுக்கே ‘பச்சைத்துணிப் போர்ட்’ என்று பெயர் நிலைத்தது. மேசையின் பெயர் மேசையைச் சூழ்ந்தவர்க்கு ஏறிய விதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1696இல் மூன்றாம் வில்லியம் மன்னர் வணிகத்தையும் குடியேற்ற நாடுகளையும் கவனிக்க ஒரு குழுவை நியமித்தார். அது ‘வணிகப் போர்ட்’ என வழங்கலாயிற்று. தத்துவஞானி ஜோன் லொக் அதன் முதல் உறுப்பினருள் ஒருவர். 1784இல் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியைக் கண்காணிக்க ‘கட்டுப்பாட்டுப் போர்ட்’ எழுந்தது. இரண்டாண்டின் பின் சென்னையில் ‘ரெவினியூ போர்ட்’ அமைந்தது. தஞ்சாவூர் உழவன் செலுத்தவேண்டிய வரியை எங்கோ ஓர் அறையில் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்தோர் தீர்மானித்தனர். உழவன் அம்மேசையைக் கண்டதில்லை.

இங்கே கதிரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இடைக்கால மண்டபத்தில் எல்லாருக்கும் கதிரை கிடையாது. மற்றவர்க்கு வாங்கும் முக்காலியும். கைபிடியுள்ள நாற்காலி தலைவனுக்கே. அதனாற் சபையை நடத்துபவர் ‘செயர்மன்’, அதாவது கதிரைக்காரர், ஆனார். டிக்கன்ஸும் இதனை மறக்கவில்லை. ஒலிவர் நின்ற அறையில், மேசையின் தலைப்புறத்தில், மற்றையவற்றினும் சற்று உயர்ந்த கைக்கதிரையில், சிவந்த வட்ட முகத்துடன் மிகப் பருத்த கனவான் ஒருவரை அமர்த்துகின்றார். நம் நாட்டிலே நகரசபை, பிரதேச சபைத் தலைவரைத் தவிசாளர் என்கின்றோம். தவிசு என்பது ஆசனமாதலால், இம்மொழிபெயர்ப்பு ஆங்கிலச் சொல்லின் உயிரைக் கெடாமற் காத்திருக்கின்றது. அதை ஆக்கியவர் யாராயினும் வாழ்க.

போர்ட் விடயத்தில் அத்தகைய நல்லூழ் நமக்கு வாய்க்கவில்லை. காரணம் நம் வீடுகளில் உண்ணும் மேசை இருந்ததில்லை. நிலத்திலே பாய் விரித்து, இலையிட்டு உண்டோம். மேசை என்னுஞ் சொல்லும் கதிரை என்னுஞ் சொல்லும் போர்த்துக்கேயர் கப்பலில் வந்திறங்கியவை. ஆதலால் நம்மிடையே உணவிலிருந்து அதிகாரத்துக்குச் செல்லும் பலகை தோன்றவில்லை. வேறொரு பலகை தோன்றிற்று. மதுரையிலே புலவர் அமர்ந்த சங்கப்பலகையைப் பற்றிய கதையைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்திற் பாடியுள்ளார். தகுதியுள்ள புலவர் வந்தால் அது விரிந்து இடங் கொடுக்கும், தகுதியற்றவருக்கு இடமில்லை. வரலாறு அன்று, புராணமே. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். ஆங்கிலேயர் பலகையைச் சூழ்ந்து இருந்தனர். தமிழ்ப் புலவர் பலகையின்மேல் இருந்தனர். அவர்கள் பலகை விரிந்ததாக எக்கதையும் இல்லை. விரியாத பலகையைச் சுற்றி இடம் பிடிப்பதே அவர்கள் அரசியலாயிற்று.

இலங்கையில் இச்சொல் அரசியலோடும் பேருந்தோடும் வந்து சேர்ந்தது. 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் அரசாங்க சபை அமைந்தபோது, அமைச்சர்களின் குழு ‘மினிஸ்ரர்கள் போர்ட்’ என்றே ஆங்கிலத்தில் வழங்கியது. 1947 வரை அது நிலவியது. 1958 ஜனவரி 1ஆம் நாள் தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. தமிழில் இ.போ.ச. என்று பஸ்ஸில் எழுதினாலும், கிராமத்து மக்கள் வாயில் ‘சீரீபி பஸ்’ என்பதே வழக்கு. அதன் கடையெழுத்தில் மறைந்திருப்பது நாம் பேசுகின்ற பலகைதான். நான் இதனைச் சொன்ன மறுநாள், பாடசாலை வாயிலில் நின்ற என் மாணவன், “சேர், அந்தா மேசை போகுது” என்று பஸ்ஸைக் காட்டினான்.

மேசையிலிருந்து பிறந்த சொல், காலப்போக்கில் மேசையே இல்லாமலும் வாழக் கற்றுக்கொண்டது. பிரித்தானிய வணிகப் போர்ட்டிலே கன்ரர்பரிப் பேராயர் பதவி வழி உறுப்பினராயிருந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அது ஒரு குழுவாகக் கூடும் வழக்கம் அருகி, அமைச்சர் ஒருவரின் திணைக்களமாகவே நடந்தது. 1899ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த கல்விப் போர்ட் இதிலும் விந்தையானது. தலைவரும், பிரதமர் உட்படப் பல அமைச்சர்களும் அதன் உறுப்பினர் எனச் சட்டத்திலே எழுதப்பட்டிருந்தது. 1944இல் அது கல்வியமைச்சாக மாற்றப்படும் வரை ஒரு நாளேனும் அக்குழு கூடியதில்லை. அதன் பெயரால் இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டளைகள் சென்றுகொண்டேயிருந்தன. நாற்பதாண்டுக்கு மேலாக ஆளே அமராத மேசைக்கு ஆசிரியர் வணக்கஞ் செய்தனர். ஒலிவர் கண்ட மேசையாவது உண்மை மேசை! கல்வித் துறையில் நெடுங்காலம் சுற்றுநிருபங்களைப் பெற்றுப் பழகிய எனக்கு இதனைப் படித்தபோது வந்த சிரிப்பை நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

இனி அந்த ஒலிவரிடம் மீளலாம். 1834இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஏழைகள் உதவிச் சட்டத்தைத் திருத்தியமைத்தது. அதுவரை ஒவ்வொரு கிராமப் பங்கும் தன் ஏழைகளைத் தானே கவனித்துவந்தது. புதிய சட்டம் ஏறக்குறைய 15,000 பங்குகளை 600 அளவான ஒன்றியங்களாகச் சேர்த்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விடுதியும், அதனை ஆளத் தெரிவுசெய்யப்பட்ட ‘பாதுகாவலர் போர்ட்’ ஒன்றும் அமைந்தன. வரி செலுத்துவோரே வாக்களித்தனர். சொத்து மிகுந்தவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தன. சட்டத்தின் அடிக்கருத்து வெளிப்படையானது: விடுதியில் வாழ்பவன் நிலை, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவன் நிலையினும் தாழ்ந்திருத்தல் வேண்டும். அப்போதுதான் யாரும் எளிதில் உள்ளே வரமாட்டார்கள் எனக் கருதினர். கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டனர், பிள்ளைகள் வேறாக்கப்பட்டனர்.

இலண்டனிலிருந்த ஆணையாளர்கள் ஆறு வகை உணவு அட்டவணைகளை அச்சிட்டு அனுப்பினர். உள்ளூர்ப் போர்ட் அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். முதலாவது அட்டவணைப்படி, உழைக்க வல்ல ஆண்மகனுக்குக் காலையில் 6 அவுன்ஸ் பாணும் ஒன்றரைப் பைந்து கஞ்சியும். பலகை உணவைக் குறித்த சொல் என்பதை மறந்துவிடாதீர்கள். இப்போது அச்சொல்லைப் பெயராகக் கொண்ட கனவான்கள், கஞ்சியின் அளவைத் தீர்மானித்துக்கொண்டிருந்தனர். பாணைக் காத்த பழைய பிரபுவின் மண்டபத்திற் கடைசி வேலைக்காரனுக்கும் பலகையின் அடிப்புறத்தில் ஓரிடம் இருந்தது. பாதுகாவலர் மேசையிலோ ஏழைக்கு இடமில்லை. அதன்முன் நிற்பதற்கு மட்டுமே அவன் அழைக்கப்பட்டான்.

1837 பெப்ரவரியில் டிக்கன்ஸ் தம் நாவலை மாத இதழொன்றிலே தொடராக எழுதத் தொடங்கினார். சட்டம் பிறந்து மூன்றாண்டுகூட நிறையவில்லை. அவர் மிகைப்படுத்துகின்றார் என்று அக்காலத்திற் பலர் குறை கூறினர். 1845இல் ஹாம்ப்ஷயர் மாவட்டத்து அன்டோவர் ஊரிலிருந்து வந்த செய்தி அக்குறையைப் போக்கிவிட்டது. அவ்வூர் விடுதியிலே உரத்துக்காக விலங்கு எலும்புகளை இடிக்கும் வேலை ஆண்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பசி பொறுக்காத அவர்கள், அழுகிய எலும்புகளில் ஒட்டியிருந்த தசையையும் உள்ளிருந்த மச்சையையும் உறிஞ்சித் தின்றனர். இதனை அறிந்த பாதுகாவலர் ஒருவரே மனம் பொறாது வெளியிற் சொன்னார். அதுவும் ஒரு போர்ட்டில் அமர்ந்திருந்த மனிதர்தாம் என்பதைக் குறிப்பிடாவிட்டால் நீதியாகாது. பாராளுமன்றம் விசாரணை நடத்தியது. 1847இல் மத்திய ஆணைக்குழுவை நீக்கினார்கள். அதன் இடத்தில் எதை வைத்தார்கள் தெரியுமா? ‘ஏழைச்சட்டப் போர்ட்’ என்ற மற்றொரு போர்ட்டை!

எனினும் மேசையைச் சுற்றிய முகங்கள் மெல்ல மாறின. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிக்கூடப் போர்ட்டுகளை உண்டாக்கியபோது, பெண்களும் அவற்றிற்குப் போட்டியிடலாம் என இடமளித்தது. பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இன்னும் அரை நூற்றாண்டு தொலைவில் இருந்த காலம் அது. அவ்வாண்டு இலண்டனில் மருத்துவர் எலிசபெத் கரெற் 47,000க்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றுத் தம் தொகுதியில் முதலிடத்தில் வென்றார். 1875இல் கென்சிங்ரனில் மார்த்தா மெறிங்ரன் என்னும் பெண்மணி ஏழைகள் பாதுகாவலராகத் தெரிவானார். அம்மேசையிற் பெண்ணொருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை. 1894இல் உறுப்பினராவதற்கு இருந்த சொத்துத் தகுதி நீக்கப்பட்டது.

அப்பத்தாண்டிலே கிழக்கு இலண்டனின் பொப்லர்ப் பகுதியில் நிகழ்ந்ததை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். துறைமுகத்தை அடுத்த அவ்வட்டாரத்தில் 1852இற் பிறந்தவர் வில் குரூக்ஸ். தந்தை கப்பலில் அடுப்பெரிப்பவர். வில் மூன்று வயதுக் குழந்தையாயிருக்கையில், விபத்தொன்றில் தந்தை ஒரு கையை இழந்தார். தாய் இரவிரவாகத் தையல் வேலை செய்தும் ஏழு பிள்ளைகளின் பசி தீரவில்லை. 1861இல், ஏறக்குறைய ஒலிவரின் வயதில், வில் பொப்லர் ஏழைகள் விடுதிக்குள் அனுப்பப்பட்டான். பின் அங்கிருந்து ஏழைப் பிள்ளைகளுக்கான தொலைவூர்ப் பாடசாலைக்கு மாற்றப்பட்டான். சில காலத்தின் பின் தாய் பிள்ளைகளை மீட்டுக்கொண்டாள். அச்சிறுவன் வளர்ந்து மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளியானான். துறைமுக வாயிலில் ஞாயிறுதோறும் சொற்பொழிவாற்றி மக்கள் அன்பைப் பெற்றான்.

1890களில் குரூக்ஸ் அதே பொப்லர் ஏழைகள் விடுதியின் பாதுகாவலராகத் தெரிவுசெய்யப்பட்டார். அவருடைய தோழர் ஜோர்ஜ் லான்ஸ்பரியும் உடன் தெரிவானார்; இவரே 1932 முதல் 1935 வரை தொழிற்கட்சித் தலைவராக விளங்கியவர். முதலிற் சென்று பார்த்தபோது கஞ்சியிலே எலியின் கழிவு மிதந்ததென லான்ஸ்பரி பிற்காலத்தில் எழுதியுள்ளார். இருவரும் உணவிலிருந்தே சீர்திருத்தத்தைத் தொடங்கினர். நல்ல பாண் வந்தது. நல்ல கஞ்சி வந்தது. விடுதிவாசிகளை ஊரார்க்குக் காட்டிக்கொடுத்த சீருடை மாறிற்று. செலவு மிகுந்துவிட்டது என்ற முறைப்பாடு இலண்டன் முழுவதும் எழுந்தது. 1906இல் அரசாங்கம் விசாரணையும் நடத்திற்று. நிர்வாகத்திற் குறைகள் காணப்பட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் ஆண்டுகள் பலவாக அப்போர்ட்டின் தலைமைக் கதிரையில் அமர்ந்திருந்தவர், முன்பு அவ்விடுதிக்குள்ளே அனுப்பப்பட்ட சிறுவன். 1903இல் அவர் பாராளுமன்ற உறுப்பினருமானார். பாதுகாவலர் போர்ட்டுகள் யாவும் 1930இல் நீக்கப்பட்டன. குரூக்ஸ் அதற்கு ஒன்பதாண்டு முன்னரே காலமானார்.

இச்செய்திகளுட் சிலவற்றை மறுநாள் வகுப்பிற் சொன்னேன். கரும்பலகையில் ஒரு நீண்ட மேசையையும், தலைப்புறத்தில் உயர்ந்த கதிரையையும் வரைந்தேன். என் ஓவியத் திறமை அத்துணைச் சிறப்புடையதன்று. வரைந்தபின் அதே பக்கத்தை மீண்டும் படித்தேன். ஒலிவர் மேசையை வணங்கிய இடம் வந்ததும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. கேள்வி கேட்ட மாணவன் மட்டும் சிரிக்கவில்லை.

“பிறகு அவங்கள் அவனுக்குச் சாப்பாடு குடுத்தவையோ, சேர்?” என்றான்.

அடுத்த பக்கத்தைத் திருப்பி, அவனையே எழுந்து படிக்கச் சொன்னேன்.